யாரும் ஏறாத நிறுத்தம்

காலை ஐந்தரை மணிக்கு வெர்லீன் தன் மஞ்சள் பள்ளிப் பேருந்தின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கிறாள். "பெயிண்ட் அடிச்சிட்டா கிழவி குமரியாயிடுவாளா?" என்று முதலாளியைத் திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்து, சிக்கரி காப்பியை உறிஞ்சுகிறாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு "என் தங்கம்"தான். ஆனால் குட் மார்னிங் சொல்லாத தங்கத்தை உட்கார விடமாட்டாள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பெற்றோர் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம். பேருந்து விவகாரம் அந்தந்தப் பள்ளியின் இஷ்டம். ஒரே தெருமுனையில் மூன்று நிறச் சீருடைகள், மூன்று பேருந்துகள்; மூன்றும் பாதி காலியாக ஊரின் மூன்று மூலைகளுக்குப் போகின்றன. இந்தக் கூத்துக்குச் சுதந்திரம் என்று பெயர்.

இந்த ஆண்டு ஒரு பள்ளி அந்தச் சுதந்திரத்தை முழுசாகவே அனுபவித்துவிட்டது. தன் பேருந்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு நகரப் பேருந்து பாஸைக் கொடுத்துக் கைகழுவிக்கொண்டது. அங்கே படிக்கும் ஜமையாவுக்குப் பத்து வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. இருட்டு விலகும் முன்னே நால்வழிச் சாலையைத் தனியாகக் கடந்தால்தான் அவளுக்குப் பேருந்து. லாரிக்காரர்கள் அவளுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை.

வெர்லீன் அந்த வழியாகத்தான் போகிறாள். ஆனால் வேறு பள்ளிப் பிள்ளையை ஏற்றக் கூடாது. மேலாளர் கர்டிஸிடம் கேட்டுப் பார்த்தாள்.

"பட்டியல்ல இல்லாத இடத்துல நின்னாலே வேலை போயிடும்க்கா. பஸ்ஸுக்குள்ள கேமரா இருக்கு."

"அந்தப் புள்ள லாரிக்குக் குறுக்க ஓடுதுப்பா! நான் காத்தை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"அது அந்தப் பள்ளிக்கூடத்தோட முடிவு. நம்ம கையில என்னக்கா இருக்கு?"

"என் கையில என்ன இருக்குன்னு நான் பாத்துக்கறேன்."

மஞ்சள் பேருந்து நின்று சிவப்புப் பலகையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டால், இரு திசையிலும் எந்த வண்டியும் நகரக் கூடாது. சட்டம் அது.

யாரும் ஏறாத, யாரும் இறங்காத அந்த முனையில் இன்றும் வெர்லீன் பிரேக்கை மிதிக்கிறாள். பலகை நீள்கிறது. லாரிகள் முனகிக்கொண்டு நிற்கின்றன. ஜமையா பையை இறுகப் பிடித்தபடி சாலையில் இறங்குகிறாள்.

"ஓடாத தங்கம், நட! நிக்கட்டும் எல்லாரும்!"

முன்கண்ணாடிக்கு மேலே கேமராவின் விளக்கு எரிகிறது. வெர்லீன் தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு, அதை நேருக்கு நேர் பார்த்து, "குட் மார்னிங்" என்கிறாள்.