மூச்சடக்கத் தெரிந்தவனின் மடத்தனம்

நான் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற குளியாளி. திரேஸ்புரத்தில் என்னைவிட அதிக நேரம் மூச்சடக்குகிறவர்கள் உண்டு. என்னைவிட அதிகமாகப் பீற்றிக்கொள்கிறவன் கிடையாது.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் இருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். காலும் வீங்கியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு நின்றேனா? "ஏளா, குளியாளி பெண்டாட்டிக்கு மூச்சு முட்டுதுன்னா ஊரு சிரிக்கும். மூச்சை அடக்கி எண்ணு, நான் சொல்லித்தாரேன்" என்றேன்.

நாலு எண்ணுவதற்குள் அவளுக்கு இரைத்தது. "ஒங்க வித்தையைக் கடலுக்குள்ளயே வச்சுக்கிடுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, பேச முடியாமல் திணறியபோதுதான் ஆட்டோ பிடித்தேன். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இதயம் இப்படிப் பலவீனமாகும் என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். மறுநாள் ஸ்டெல்லா போய்விட்டாள்.

இப்போதெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைப் பார்க்குமுன் தாயிடம் கேட்கிறேன்: "மல்லாந்து படுத்துத் தூங்க முடியுதா தாயி? காலு வீங்கியிருக்கா?" முடியவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை வாசலை விட்டு நகரமாட்டேன்.

"குளியாளி டாக்டராயிட்டாரு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நான் செய்யாத கேலியா?