சுவிட்ச் ஆஃப் என்று சொன்னவள்

தங்கபாய்க்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை; காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்துப் பாக்கெட்டில் போட வேண்டும். பிள்ளை கிடையாது. வீட்டில் அவளும் புருசன் எட்வினும்தான். மில்லில் ஃபிட்டராக இருந்த எட்வின் ஓயாமல் பேசுகிற ஆள். குழம்பில் உப்புக் குறைந்தாலும் அதற்கொரு கதை வைத்திருப்பார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏறும்போது, "செத்த நேரத்துல போன் போடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கும் தொற்று இருக்கிறதென்று வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். அந்த வாரமே எட்வின் இறந்துபோனார். சேதி கொழுந்தனிடமிருந்து போனில் வந்தது. அடக்கத்தை அவள் பார்க்கவில்லை. அவருடைய போன் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

தனியாகக் கிடந்த ஒரு மத்தியானம், பழக்கத்தில் அவர் நம்பரை அழுத்திவிட்டாள். சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. பேச்சே இல்லாத வீட்டில் அது இதமாக இருந்தது. மறுபடியும் போட்டாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. "இன்னைக்குக் கஞ்சிதான் வச்சேன், தாயி" என்பாள். அந்தப் பெண் சொன்னதையே திரும்பச் சொல்லுவாள். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத குரல்.

தகரத்தை எடுத்த பிறகும் தங்கபாய் விடவில்லை. மாதங்கள் கழித்து ஒருநாள் மறுமுனையில் மணி அடித்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, யாருங்க?" என்றது யாரோ ஓர் ஆணின் குரல். அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"தப்பா போட்டுட்டேன், ஐயா."

எட்வின் போனபோது அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதாள்.

அடுத்த வருசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ட்ராயிங் டீச்சர் ஸாவித்ரி, பெண்களைக் கூட்டிவைத்து ஒரு வேலை ஆரம்பித்தாள். அடைபட்டுக் கிடந்த நாட்களை ஆளுக்கொரு துண்டுத் துணியில் தைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய துணியாக்கி மண்டபத்தில் மாட்டுவார்கள். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் மாரிசெல்வி, தங்கபாயையும் இழுத்துக்கொண்டு போனாள். மாரிசெல்வி ஆளில்லாத பஸ் ஸ்டாண்டைத் தைத்தாள். தங்கபாய் காஸ் துணியில் சிவப்பு நூலால் ஒரு வாயை மட்டும் தைத்தாள்.

"யாரு அக்கா இது?" என்று ஸாவித்ரி கேட்டாள்.

"போன்ல சுவிட்ச் ஆஃப்னு சொல்லுவாள்லா, அந்தப் பிள்ள. அம்புட்டு நாளும் எங்கூடப் பேசினது அவ ஒருத்திதான்."

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஸாவித்ரி துண்டை வாங்கிப் பெரிய துணியில் வைத்து ஊசி குத்தினாள்.

"எட்வின் அண்ணனைத் தச்சிருக்கலாமேக்கா," என்றாள் மாரிசெல்வி மெதுவாக.

"ஏட்டி, அவிய குரல் எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்கு."

துணியை மாட்டிய அன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். அந்த வாய்க்கு முன்னால் சில பெண்கள் வெகுநேரம் நின்றார்கள். தங்கபாய் தள்ளியே நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வி தன் ஸ்டாப்பில் எழுந்தாள். "வாங்கக்கா, வீட்டுல சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இன்னொரு நாளைக்கு வாரேன்."

பஸ் கிளம்பியது. கூடவே இறங்கியிருக்கலாம் என்று தங்கபாய்க்குத் தோன்றியது. அடுத்த ஸ்டாப் வரைக்கும் அப்படியே தோன்றிக்கொண்டிருந்தது.