ஒரு ரிங் அடித்து நின்றால்

என் வேலை என்னவென்று யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. எங்காவது போன் செய்தால் "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் சொல்கிறதே, அந்தக் குரல் குடியிருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸ் மும்பை செம்பூரில். காலையில் போனதும் முதல் காரியம் லாக் பார்ப்பது: எந்த அழைப்பு போயிற்று, யார் எடுத்தார்கள், எதை அழுத்தினார்கள், எங்கே அறுந்தது. பெரும்பாலும் கொட்டாவி வரும் வேலைதான்.

எங்கள் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்கு இலவசமாகச் செய்துகொடுப்பது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கான காலை அழைப்பு. மெஷின் தினமும் கூப்பிடும். நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் தொண்டர் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார். தாராவிக்குப் பொறுப்பு, மாட்டுங்காவில் இருக்கும் ஒரு மாமி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள், தன் லிஸ்ட்டில் இருந்த ஓர் அம்மாளைப் பற்றிப் போனில் பொரிந்து தள்ளினார்.

"அந்த அம்மாவை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு. தெனம் போனைக் கட் பண்றா. என்ன ஆச்சோன்னு பதறிண்டு ஓடி, அந்த இரும்பு ஏணியில முட்டியப் பிடிச்சிண்டு ஏறினா, அவ ஜம்முனு உக்காந்து காலிஃப்ளவர் நறுக்கிண்டிருக்கா. கேட்டா, மிஸ்டு கால் குடுத்துட்டேனேங்கறா. யாருக்குக் குடுத்தா? நேக்கு ஒண்ணும் வரலை."

எடுப்பது சுலபம், ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் எடுத்துவிட்டால், நாளைக்கு அந்த அம்மாள் உள்ளே விழுந்து கிடந்தாலும் யாரும் அந்த ஏணியில் ஏறப்போவதில்லை. அது உறுத்தியது. தவிர, எதையாவது உடனே செய் என்று யாராவது அதட்டினால், அதைச் செய்யாமல் வைத்திருப்பது என் பிறவிக் குணம்.

லாக்கைத் தோண்டினேன். மெஷினின் அழைப்பு போகிறது, அவர் துண்டிக்கிறார். மாமிக்குப் போகும் அறிக்கை அதோடு முடிந்துவிடும். ஆனால் உள்ளே வந்த அழைப்புகளில், 'பாதியில் விட்டவை' என்று ஒதுக்கி யாரும் திறந்து பார்க்காத பகுதியில், அதே நம்பர் இருந்தது. துண்டித்த கையோடு அவர் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். ஒரே ஒரு ரிங், உடனே கட். எந்த நாளும் தவறவில்லை. மெஷின் அத்தனையையும் குப்பையில் போட்டிருந்தது.

அந்த வாரமே தாராவிக்குப் போனேன். மாமி ஏணியைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. மேலே ஒற்றை அறையில், லாரி டிரைவராக இருந்த கணவரை இழந்து தனியாக இருந்த அந்த அம்மாள், தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியம்மா போனை எடுக்க மாட்டேங்கிறீங்க?"

"எடுத்தா ஒங்களுக்குல்லா பைசா போவும், தாயி. எங்க வீட்ல அவிய லாரியில போற எடத்துல இருந்தெல்லாம் ஒரு ரிங் குடுப்பாவ. நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுக்கக் கூடாது. ரெண்டு வாட்டி அடிச்சா ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"இது ஆள் இல்ல பெரியம்மா, மெஷின்."

"மெஷினுன்னாலும் யாரோ ஒருத்தரு பைசா கட்டத்தான செய்வாவ?"

கேலி செய்யத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. முகம் தெரியாத எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று ஒருவர் இத்தனை நாள் மெனக்கெட்டிருக்கிறார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. என் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவருக்காகவே சர்வரில் ஒரு விதி சேர்த்தேன். அந்த நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால், நலம். அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், எனக்கும் மாமிக்கும் மெசேஜ். "இதெல்லாம் ஒரு சிஸ்டமா?" என்றார் மாமி. வெகுநாள் ஒரு ரிங்தான் வந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, கோவண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த மெசேஜ் வந்தது. இரண்டு முறை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாமியைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே டாக்ஸியில் இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் அந்த அம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் சுற்றிக் கட்டி, அந்த ஏணி வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாய் கோணியிருந்தது. வலது கை துவண்டு தொங்கியது. இடது கையில் போன். மாமி கீழே மழையில் நனைந்தபடி, "மெள்ள, மெள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லிஸ்ட்டைப் பற்றி அன்று நாங்கள் இருவரும் பேசவில்லை.

பிழைத்துவிட்டார். நடை கொஞ்சம் வந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மாமி முட்டியைத் திட்டிக்கொண்டே வாராவாரம் ஏறுகிறார்.

மெஷின் இப்போதும் காலையில் அவரைக் கூப்பிடுகிறது. அவர் கட் செய்துவிட்டு ஒரு ரிங் கொடுக்கிறார். அது முடிந்ததும் என் போனும் ஒரு முறை அடிக்கும். முதல் நாள் ஆசையாக எடுத்துவிட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு சொல்லுக்காக அவர் திணறுவது கேட்டது. பிறகு அவரே வைத்துவிட்டார். எடுத்திருக்கக் கூடாது என்று அன்று முழுக்க மனது அடித்துக்கொண்டது.

அதன் பிறகு எடுப்பதில்லை. அடித்து நின்றதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இரண்டாவது ரிங் வரவில்லை என்று நிச்சயமானதும், அவருக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் செய்கிறேன். அவரும் எடுப்பதில்லை.