காட்டுக்குதிரைக்குக் காவல்

மியூசியக் காவல் வேலையில கால்தான் உழைக்குது, வாய்க்கு வேலையில்லை எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. நாள் முழுக்க நிண்டு பிழைக்கிற ஆக்களுக்கு நான் சொல்லியா தெரியவேணும்!

கறி

மெல்போர்னில ஒரு பழைய மியூசியம். ஐரோப்பாப் பறவைகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில என்னை நிப்பாட்டியிருக்கினம். நடுவில வான்கோழியளவில ஒரு கறுப்புப் பறவை, பஞ்சடைச்சபடி. பேர் கேப்பர்கெய்லி. ஸ்கொட்லாந்தின்ர பழைய பாஷையில 'காட்டுக்குதிரை' எண்டு அர்த்தமாம். ஏன் குதிரை? உருவம் பெரிசெண்டதாலயோ, சேவல் போடுற சத்தம் குளம்புச் சத்தம் மாதிரி எண்டதாலயோ, ஆருக்கும் வடிவாத் தெரியாது.

இவ்வளவையும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மூச்சு வாங்க விளங்கப்படுத்தினன். தகப்பன்காரன் கேட்டார்: "அதெல்லாம் சரி அண்ணை, கறி வைச்சா எப்பிடி இருக்கும்?"

உத்தியோகம்

என்ர மகள் ஆரணிக்கு சிட்னி வெஸ்ட்மீட் பெடியன் ஒருத்தனைப் பிடிச்சுப்போச்சு. கலியாணப் பேச்சுக்காலுக்கு நடுவில நிண்டது இஞ்ச கிளென் வேவர்லியில இருக்கிற ஒரு அன்ரி. பெடியன்ர தாய் என்ர வேலையை விசாரிக்க, 'மியூசியத்தில பெரிய உத்தியோகம்' எண்டு அன்ரி அளந்துவிட்டிட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. உள்ளதைச் சொல்லுங்கோ, பிள்ளையின்ர வாழ்க்கையெல்லோ நாசமாப்போகும் எண்டு கத்தினன்.

என்ர பறவைக் கதையை முந்தியே கேட்டிருந்த அன்ரி அசையேல்லை: "கோழியையே குதிரை எண்டிறாங்கள், உம்மை ஒரு ஒபிசர் எண்டா என்ன குறைஞ்சிடும்?"

விசாரிப்பு

கடல் தாண்டி வந்தும் எங்கட சனத்துக்கு இந்த விசாரிக்கிற வியாதி போகேல்லை. பெடியன்ர தாயும் அவவின்ர தமையனும் சொல்லாமல் கொள்ளாமல் மியூசியத்துக்கே வந்திட்டினம். ஆரெண்டு அப்ப எனக்குத் தெரியாது. தமிழ்ச் சனத்தைக் கண்ட சந்தோசப் புளுகத்தில காட்டுக்குதிரைக் கதையை முழுக்கச் சொன்னன். அவை கேக்க, என்ர பேரையும் சொன்னன், மகளுக்குக் கலியாணம் பேசுறம் எண்டும் சொன்னன். வந்த மனுசியின்ர முகம் அப்பிடியே மாறிப்போச்சு.

என்ர சீருடையை மேலயிருந்து கீழ பாத்துப்போட்டு, எனக்குக் கேக்கத்தக்கதாவே சொன்னா: "அண்ணை, உந்தக் காவல்காரனோடயோ நாங்கள் சம்பந்தம் செய்யிறது?"

கதவு

அண்டைக்கே பேச்சு முறிஞ்சுது. பெடியன் தாய்க்கு முன்னால வாயே திறக்கேல்லையாம். ஆரணி சாப்பிடாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். இந்த அறுந்த வேலையை விடுறன் அம்மா, வேற ஏதும் பாக்கிறன் எண்டு வெளியில நிண்டு கெஞ்சினன்.

கதவைத் திறக்காமலே சொன்னாள்: "வேலை இருக்கட்டும். தமிழ் ஆக்களைக் கண்டா உங்களால பேசாமலே இருக்கேலாதா, அப்பா?"

இப்ப ஆரும் தமிழில கேட்டா, இங்கிலீஷ்ப் பலகையைக் கையால காட்டிப்போட்டு வாயை மூடிக்கொண்டு நிக்கிறன். பெரிய உத்தியோகமெண்டா அப்பிடித்தான்.