டம்ளருக்கு அடியில் டாலர்

2007-இல், கம்ப்யூட்டர் டிப்ளமாவை முடித்த கையோடு, சாத்தூரில் அம்மா பெட்டி அடைக்கும் தீப்பெட்டிக் கம்பெனியிலேயே எனக்கும் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஏற்றுமதித் தாள்களை அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

முதலாளிக்கு மூன்று விஷயங்கள் அத்துப்படி: மெழுகு விலை, குச்சி மருந்துக்கான குளோரேட் விலை, மழை. மேகத்தைப் பார்த்தே நாளைக்குக் குச்சி காயுமா என்று சொல்லிவிடுவார். நான்காவதான டாலரை மட்டும் அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அது ஏறும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் ஆப்பிரிக்க ஆர்டர் ஒன்றுக்கு வருடம் முழுவதற்கும் டாலரில் ஒரே விலை பேசி முடித்திருந்தார்.

வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால், இனி வரப்போகும் டாலருக்கும் இப்போதே ஒரு விலையை உறுதி செய்துகொள்ளலாம் என்றது. அதைத் தமிழில் நான்கு வரியாக எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

"டாலராவது எறங்குறதாவது. இம்புட்டு வருசத்துல நான் பாக்காததயா பேங்குக்காரன் பாத்துட்டான்?" என்று சொல்லி, டீ டம்ளரை அதன் மேல் வைத்தார்.

டாலர் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது; அதே ஆர்டருக்குக் கைக்கு வரும் ரூபாயும் குறைந்துகொண்டே வந்தது. வியாபாரிகள் கூட்டத்தில் முதலாளி மைக் பிடித்து, நாடு வளர்கிறது, நம் ரூபாய் நிமிர்ந்து நிற்கிறது என்று பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் ஏற்றுமதிக்காரர்கள். தங்கள் நஷ்டத்துக்குத் தாங்களே கைதட்டினார்கள்.

மறுநாள் காலை பெட்டி அடைக்கும் கூடத்துக்கு வந்தார். "டாலர் விழுந்திருச்சு. கூலியக் கொஞ்சம் கொறைச்சாத்தான் கம்பெனி நிக்கும். இந்தப் பிள்ள படிச்சது, வெவரமாச் சொல்லும்."

விவரமாகச் சொன்னேன். டாலர் விழுந்தது உண்மை. வருடம் முழுவதற்கும் ஒரே விலை பேசியது முதலாளி. வங்கி முன்பே எழுதியது. அவர் கையெழுத்துப் போடவில்லை.

"கடுதாசிய எதுக்கும்மா இங்கன இழுக்க?" என்றார் முதலாளி.

அம்மா குச்சிகளைத் தட்டிச் சீராக்கியபடி, தலை நிமிராமல் கேட்டாள்: "முன்னெல்லாம் டாலர் ஏறுனப்ப எங்ககிட்ட வந்து சொல்லலியே மொதலாளி. சோலியா இருந்தீகளோ?"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பால் குறைப்பு தீபாவளி வரை தள்ளிப்போனது. தீபாவளி முடிந்த முதல் திங்கட்கிழமை குறைத்துவிட்டார்.

அடுத்த வருடம் டாலர் பழைய இடத்தையும் தாண்டி ஏறியது. அம்மாவின் கூலி அப்படியே கிடந்தது. ஒரே வரி எழுதி மேசையில் வைத்தேன்: டாலர் ஏறிவிட்டது, கூலியைப் பழையபடி ஆக்கலாமா?

முதலாளி அதை நிதானமாகப் படித்தார். டீ வந்தது. டம்ளரை வைக்க இடம் தேடினார். கிடைத்தது.