கஸ்தூரி அம்மா கடை திறக்காத பௌர்ணமி

கஸ்தூரி அம்மாவை முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே. கல்லீரல் புற்றுநோய்க் கட்டிக்குள் ஜீன்கள் எப்படி மாறி வேலை செய்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றில் நான் இருக்கிறேன். தண்டராம்பட்டுப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட எனக்கு மனசு வராது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் அவர் கூப்பிட்டார்.

"தம்பி, நீ டாக்டரா?"

"இல்லம்மா. எம்.எஸ்சி. படிச்சிட்டு ஆராய்ச்சில இருக்கேன்."

"படிச்ச புள்ளதான, அப்ப நீயே சொல்லு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சகாதேவனை முழங்கையால் இடித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து குடிக்கிறவரு இவரு. ஈரலு இவருக்கில்ல கெடணும்? மோருக்கு மேல எதையும் தொடாத எனக்கு எப்பிடிக் கெட்டுச்சு?"

சகாதேவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "என் பங்கையும் இவளே எடுத்துக்கினா தம்பி" என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் அதற்குப் பதில் இருந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ். பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்து, சத்தமில்லாமல் கல்லீரலில் உட்கார்ந்திருக்கக் கூடியது. அவருடைய அம்மாவும் கலசபாக்கத்தில் வயிறு வீங்கித்தான் செத்தாராம். காமாலை என்று சொல்லிப் பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி கஸ்தூரி அம்மாவின் கடை. மற்ற நாளில் அங்கே ஒன்றும் இருக்காது, தார்பாய் சுருட்டிக் கிடக்கும். பௌர்ணமி வந்தால் இட்லி, சுக்குக் காபி, விடிய விடிய அடுப்பு. நிலத்தில் வேர்க்கடலை ஏமாற்றினாலும் பௌர்ணமி ஏமாற்றாது என்பார். ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்த பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கே, தையல் காயாத வயிற்றோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சட்னி தாளித்தவர்.

கட்டி திரும்ப வந்தது. தொடர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க நான் வீட்டுக்குப் போனபோது கேட்டார்.

"எங்கிட்டருந்து கட்டியை வெட்டி ஆராய்ச்சிக்குன்னு எடுத்துக்கினு போனீங்களே, அதுல என்னாதான் பார்ப்பீங்க?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்பதில்தான் கல்லீரல் கல்லீரலாக இருக்கிறது. புற்று வந்த செல்லில் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. கல்லீரலுக்கு உரிய வேலையைச் செய்யும் ஜீன்கள் அடங்கிப்போகும். தாய் வயிற்றில் கருவாக இருந்தபோது வேலை செய்து, பிறந்தபின் ஓய்ந்துவிட்ட சில ஜீன்கள் மறுபடி விழித்துக்கொள்ளும்.

"போற நேரத்துல ஈரலு மட்டும் திரும்பக் கொழந்தை ஆவுதுன்னு சொல்லு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஜீனுன்னா பரம்பரையா வர்றதாமே. எம் பொண்ணுக்கு வருமா?"

பூஜா அவருடைய ஒரே மகள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வரும் கஃபே ஒன்றில் பில் போடுகிறாள். சொந்த ஊர்க்காரனான அன்பரசனோடு நிச்சயமாகித் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"இல்லம்மா. இந்த மாற்றம் உங்க கட்டிக்குள்ள மட்டும் நடந்தது. இது பொண்ணுக்குப் போகாது" என்றேன். அந்த முகத்தில் வந்த தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த வாக்கியத்தையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "ஆனா வைரஸ் போயிருக்கலாம். பூஜாவுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடணும்."

"தைக்கு அப்புறம் பார்க்கலாம்."

"முன்னாடியே தெரிஞ்சா அன்பரசன் தடுப்பூசி போட்டுக்கலாம். நாளைக்கு அவளுக்குக் கொழந்தை பிறந்தா, பிறந்த உடனே ஊசி போட்டுக் காப்பாத்தலாம். அவ ஈரலையும் கண்காணிக்கலாம். தெரியலன்னா ஒண்ணும் முடியாது."

"நீ எழுந்து போ தம்பி" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே போன் செய்தார். பௌர்ணமி அன்றைக்குப் பூஜாவை டவுன் லேபுக்குக் கூட்டிப்போகிறாராம். ஏன் அந்தக் கூட்டத்தில் என்று கேட்டேன். "அன்னிக்கு எங்க ஊர்ல எவனுக்குக் கண்ணு வெளிய இருக்கும்? அவங்கவங்க அடுப்புல அவங்கவங்க இருப்பாங்க. டவுன்ல எங்க ஆளுங்க ஒருத்தர் இருக்கமாட்டாங்க." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கூட்டத்துக்காகப் பஸ்ஸை எல்லாம் டவுனுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தாயும் மகளும் கிரிவலம் வருகிறவர்களோடு கலந்து டவுனுக்கு நடந்தார்கள். வீங்கிய காலோடு கஸ்தூரி அம்மா அங்கங்கே உட்கார்ந்து எழுந்தார். "இந்த உடம்போட சுத்துறியேம்மா, அண்ணாமலையார் கைவிடமாட்டாரு" என்று யாரோ ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "எங்கம்மா ஒண்ணுமே சொல்லலண்ணா, வாங்கிக் குடிச்சிச்சு. எனக்குத்தான் அழுகையா வந்துடுச்சு" என்று பின்னால் பூஜா சொன்னாள்.

டவுனில் அவர்களை யாரும் பார்க்கவில்லை. ஊரில்தான் எல்லோரும் பார்த்தார்கள். வரிசையாக எரிந்த கடைகளுக்கு நடுவில், பல் விழுந்த மாதிரி ஒரு இருட்டு. அதற்கு எதிர்க்கடை அன்பரசனின் சித்தியுடையது. கரும்பு ஜூஸ் பிழிந்தபடியே ராத்திரி பூரா அந்த இருட்டைப் பார்த்திருக்கிறார்.

காலையில் வாசலுக்கே வந்துவிட்டார். "வயித்தைக் கிழிச்சப்பவே கடை போட்டவ நீ. நேத்து எங்க போன? பொண்ணையும் காணோம், உன்னையும் காணோம். என்னா சமாச்சாரம் கஸ்தூரி?"

உடம்பு முடியல, படுத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை போதும். அந்த மஞ்சள் பூத்த நிறத்தையும் வீங்கிய காலையும் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அவர், "நானே வூட்டுக்கு வந்து சொல்றேங்க" என்றார்.

ரிசல்ட் வந்தது. பூஜாவுக்கும் இருந்தது. கஸ்தூரி அம்மா சகாதேவனைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஊசி இருக்குது, உங்க பையன் போட்டுக்கினா வராது, பொறக்கற கொழந்தைக்கும் ஊசி இருக்குது, டாக்டரையே வந்து கேளுங்க என்றார்.

அன்பரசனின் அம்மா சொன்னது இதுதான்: "குடிகாரன் வூடுன்னு தெரிஞ்சேதான் பொண்ணு எடுத்தோம். வியாதிக்கார வூடுன்னு தெரியாம போச்சு."

அன்பரசன் தலை நிமிரவில்லையாம்.

நிச்சயப் புடவையைச் சகாதேவன் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் குடித்ததை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நான் போனபோது பூஜா கொதித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பொய்யிண்ணா. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா போதும். ஊரெல்லாம் உண்மையா பேசுது? எங்கம்மா மட்டும் ஏன் பேசணும்?"

கஸ்தூரி அம்மா பாயில் படுத்தபடியே சொன்னார். "எங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குக் குடுத்துட்டுப் போனா. எனக்குத் தெரியாது, உனக்குக் குடுத்துட்டேன். உனக்குத் தெரியும்டி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "திட்டணும்னா திட்டு. நான் இருக்கறப்பவே திட்டிடு."

பூஜா திட்டவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

கஸ்தூரி அம்மா இப்போது அடி அண்ணாமலை வீட்டில்தான் இருக்கிறார். கட்டிக்கான மருந்தை டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள். வலிக்கு மட்டும் மாத்திரை. கஞ்சியும் சரியாக இறங்குவதில்லை. பூஜா கஃபே வேலைக்குப் போய்வருகிறாள். ரத்தத்தில் வைரஸ் அதிகம் என்பதால் தினம் ஒரு மாத்திரை போடுகிறாள். ஈரல் இதுவரை நன்றாக இருக்கிறது. ஸ்கேனுக்கு அவளைச் சகாதேவன் கூட்டிவருகிறார். கல்யாணப் பேச்சு எதுவும் இல்லை.