நீர்க்காகத்திடம் சொன்னது

தேவராஜன் சார் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் வேலு, எங்கள் பள்ளியின் அலுவலக உதவியாளர். களம்பூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். "சார், விலங்கியல் சார் போயிட்டாருங்க. பேப்பர் படிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "பதில் ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேட்டுவிட்டார். தவறு உறைத்ததும் போனை வைத்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆரணிக்குத் திரும்பினேன்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். தேவராஜன் சாரும் நானும் ஒரே ஆசிரியர் அறையில், எதிரெதிர் மேசையில், நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. எல்லாம் வேலு வழியாகத்தான். "வேலு, ஜன்னலைச் சாத்தினா சிலருக்கு மூச்சு முட்டுமான்னு கேளுங்க" என்பார் அவர். "வேலு, செய்யார் பஸ்ஸுல நின்னுகினே போன ஆளுக்கு மூச்சு முட்டறதெல்லாம் பழக்கம்னு சொல்லுங்க" என்பேன். வேலு இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பாதி மட்டும் சாத்துவார்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போதைய தலைமையாசிரியர் ஆய்வகத்தைப் பூட்டி, தன் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார். திறக்கச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி ஏசினார். திருப்பிக் கேட்டேன். விசாரணையில், நான்தான் முதலில் மரியாதைக் குறைவாகப் பேசினேன் என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஒரே சாட்சி தேவராஜன் சார். "எனக்கு எதுவும் காதில் விழவில்லை" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனிதர். என்னைச் செய்யாருக்கு மாற்றினார்கள். என் மகள் நடக்கப் பழகியதை ஒரு மாலை வீடு திரும்பியபோது பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாறுதல் முடிந்து திரும்பி வந்தபோது தேவராஜன் சார் அதே மேசையில் இருந்தார்.

நல்ல ஆசிரியர் என்பதை மறுக்க மாட்டேன். "பார்க்கப் பொறுமை இல்லாதவனுக்கு எல்லாப் பறவையும் காக்காதான்" என்று வகுப்பில் அவர் சொல்வது என் வகுப்புவரை கேட்கும். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்கு ஆசிரியர்கள் சுற்றுலா போனதும் அவர் யோசனைதான். நீர்நாயைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

படகுத் துறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அவர் ஏறும் படகில் நான் ஏறக் கூடாது என்று பின்வாங்கி நின்றேன். அவரும் அதையே நினைத்திருக்கிறார். "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிச் சொல்லி, எல்லாப் படகும் போனபின் ஒரு துடுப்புப் படகும் நாங்கள் இருவரும் மட்டும் மிச்சம். தூரத்துப் படகிலிருந்து வேலு கையசைத்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

"ஆரணியா சார்? என் பொண்ணுக்குப் பட்டு எடுக்கணும், எந்தக் கடையில நல்லாருக்கும்?" என்றார் படகோட்டி. நான் ஒரு கடையைச் சொன்னேன். "அந்தக் கடையில ஏமாத்துவான்னு சொல்லுங்க" என்றார் தேவராஜன் சார். "ஏமாத்தற ஆளைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றேன். படகோட்டி ஒன்றும் புரியாமல் துடுப்பைப் போட்டார்.

நீர்நாய்க்காக, "இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓடை குறுகியது. மரங்களின் வேர்கள் இருபுறமும் கம்பிபோல் இறங்கி, தலைக்கு மேல் கிளைகள் மூடிக்கொண்டன. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வற்றும் நேரம். தள்ளிப் பார்த்துவிட்டு, "ஆள் கூட்டியாரேன், இறங்கிடாதீங்க, புதைஞ்சிடும்" என்று படகோட்டி வேர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இடையில் நிற்க ஆளில்லாமல் நாங்கள் தனித்திருந்தது அதுதான் முதல் முறை. எழுந்தால் படகு சாய்ந்தது. திரும்பி உட்கார இடமில்லை. அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. எதிரே ஒரு கொம்பில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தேன். திரும்பியபோது அவருக்குச் சட்டை நனைய வியர்த்திருந்தது, கை நடுங்கியது. சர்க்கரை நோயாளி என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போதும் அவர் என்னிடம் பேசவில்லை. நீர்க்காகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தச் சார்கிட்ட இனிப்பு ஏதாச்சும் இருக்கான்னு கேளு."

மனைவி என் பையில் வைத்து அனுப்பியிருந்த கடலை மிட்டாயைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு நானும் அந்தப் பறவையிடமே கேட்டேன்: "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னாருன்னு கேளு."

கையில் மிச்சமிருந்த தூளையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுச்சுன்னு சொல்லு" என்றார். "ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. பயமா இருந்துச்சு. அடுத்தது என்னைத்தான் தூக்கி அடிப்பாங்கன்னு."

நான் பதில் சொல்லவில்லை. சேற்றில் கால் வாங்கும் சத்தம் வந்தது, ஆட்கள் வந்துவிட்டார்கள். நீர்க்காகம் பறந்துபோனது. நீர்நாய் கடைசிவரை தென்படவில்லை.

அதன் பிறகும் ஆசிரியர் அறையில் எதுவும் மாறவில்லை. சில நாள் மாலையில் அவர், "வேலு, பதில் ஏதாச்சும் உண்டான்னு கேளுங்க" என்பார். எதற்குப் பதில் என்று வேலுவுக்குத் தெரியாது. "இல்லைன்னு சொல்லுங்க" என்பேன். ஓய்வு பெற்றுப் போகும் நாளிலும் கேட்டார். அன்றும் அதையே சொன்னேன்.

வேலுவின் போன் வந்து திரும்பிப் போனபோது, அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டி அருகே அவர் மகன் நின்றிருந்தான். எங்கள் வழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாலையை வைத்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "அப்பாகிட்ட சொல்லுப்பா. படகுல அவர் சொன்னது எனக்குக் கேட்டுச்சுன்னு."

அவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. குனிந்து கண்ணாடியருகே வாயை வைத்து, "அப்பா, சாருக்குக் கேட்டுச்சாம்" என்றான்.

இதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யார் பேருந்தில் போன அந்த ஆண்டுகளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவற்றோடு, கடலை மிட்டாய்த் தூள் ஒட்டிய உதட்டோடு ஒரு பறவையிடம் உண்மையைச் சொன்ன அந்த மனிதரையும் வைத்திருக்கிறேன். முழங்கால் இடிக்க, நகர இடமில்லாமல், இருவரும் அதே படகில்தான் இருக்கிறோம்.